பச்ச வெளக்கும் ஒரு சரம் வளையலும்

1976 ஜனவரி 5, திங்கள்

நாகமுத்து வந்துட்டு இப்பதான் போறான். எங்க எல்லம்மாவோட ஊட்டுக்காரன். பழவேற்காட்டுலருந்து ஒரு பை நெறய நண்டு கொணாந்தான், ஒவ்வொண்ணும் இன்னும் கால ஆட்டிக்கினு கீது. அத ஒடச்சி கழுவி வெச்சிட்டு வந்து எழுதறேன். கவுச்சி டைரியில ஒட்டும். ஒட்டிக்கினு போவட்டும். காக்களூர் பட்டறையில எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்த டைரி இது. இவரு எழுதற ஆள் இல்ல. நான் அஞ்சாவது வரிக்கும் படிச்சவ, வெள்ளக் காயிதத்த சும்மா வுட மனசு வரல.

சேதி இன்னான்னா, மார்ச்சு வந்தா எல்லம்மாளுக்கு ஏழாம் மாசம். வளையல் அடுக்கி அழைச்சிக்கினு போவ தாய் ஊட்டுப் பொம்பள நேருல வரணுமாம். அவளுக்கு அம்மாளும் இல்ல, அப்பன் எங்கண்ணனும் இல்ல. தூக்கி வளத்த அத்த நான் ஒருத்திதான் அவளுக்குத் தாய் ஊடு.

"அத்த, நீ வரலன்னா எங்கம்மா அனுப்பாது. கூப்புட நாதி இல்லாத ஊட்டுக்கு எம்மருமவள எப்படி அனுப்பறதுன்னு கேக்குது. அப்பால பிரசவம் அங்கியே தான்"னான்.

அங்க இன்னா கீது? ஏரிக்கு அந்தாண்ட மணல் மேட்டுல ஒரு குப்பம். டாக்டர் கெடையாது, ரோடு கெடையாது. வலி எடுத்தா தோணி வரணும், காத்து நல்லாருக்கணும். இவளுக்கோ இப்பவே காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குதாம். இங்க வந்துட்டா திருவள்ளூர் ஆஸ்பத்திரி, நடந்து போற தூரம்.

"நான் வரேண்டா, போய் உங்கம்மாகிட்ட சொல்லு"ன்னேன். ஜம்முனு தான் சொன்னேன்.

அவன் போனப்புறம் இவரு சட்டைய மாட்டிக்கினே கேட்டாரு: "நீயா? தோணியிலயா?"

வேற ஒண்ணியும் கேக்கல. அது போதாதா?

ஜனவரி 13, செவ்வாய் — போகி

மேளம் அடிக்கிற பசங்க சத்தத்துல எழுதறேன்.

அந்தத் தோணி விஷயத்த எழுதி வெச்சிடணும். போன வருசம் ஆடியில எல்லம்மாளப் பாத்துட்டு திரும்பறப்ப, தோணி மணல் திட்டுல ஏறி ஒரு பக்கமா சாஞ்சிடுச்சி. தண்ணி முட்டி வரிக்கும் தான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல, சிரிச்சிக்கினே எறங்கி தள்ளுனாங்க. ஆனா அன்னிலேருந்து எனக்கு தோணியப் பாத்தா போதும், மூச்சு மேல மேல வாங்குது. எம்மாம் இழுத்தாலும் பத்தல. தல கிறுகிறுங்குது, வெரலு பத்தும் கோழிக்கால் மாரி சுருட்டிக்குது, பிரிக்கவே வரல. தீபாவளிக்கு போனப்ப துறையிலயே மல்லாந்துட்டேன். சீருத் தட்ட இவரு மட்டும் எடுத்துக்கினு போனாரு.

சம்மந்தி பச்சையம்மா கேட்டாங்களாம்: "மீனுக்கு தண்ணின்னா பயமா?"

அது சரிதான். கடல்ல வலை போட்ட ஊட்டுல பொறந்தவ நான். கேக்கத்தான் கேப்பாங்க.

ஊசி போட்டாச்சி. இழுப்புன்னு மாத்திரை குடுத்தாங்க. மந்திரிச்சி கயிறு கட்டியாச்சி. வீரராகவப் பெருமாள் கொளத்துல நோவு கரையணும்னு அமாவாசை தவறாம வெல்லம் கரைச்சிக்கினு தான் கீறேன். இப்ப பட்டறையில பரசுராமன்னு ஒரு ஃபிட்டரு, அவரு கொழுந்தியாளுக்கும் இதே மாரி இருந்திச்சாம். மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில மெஷின் வெச்சி சரி பண்ணாங்களாம். ஊசியும் இல்ல, மருந்தும் இல்லியாம். மனசு டாக்டருங்க இருக்கிற பக்கமாம் அது.

இவரு கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: "யாரு கிட்டயும் மூச்சு வுடாதீங்க." பக்கத்து ஊட்டு லட்சுமியம்மாளுக்கு தெரிஞ்சிது, எனக்குப் பைத்தியம்னு பொங்கலுக்குள்ள ஊர் முழுக்க பொங்கல் வெச்சிடுவா.

ஜனவரி 20, செவ்வாய்

போயிட்டு வந்துட்டேன்! எல்லாத்தியும் எழுதணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ரயில்ல செவ்வாப்பேட்டை வரிக்கும் நின்னுக்கினே போனோம். ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறவன் ஊட்டுக்காரரு பேர் கேட்டான். நான் எப்படி சொல்றது? இவரு மூத்திரம் பேயப் போனவரு வரவே இல்ல. "நம்ம ஏழுமலையான் இருக்கிற எடம்பா"ன்னேன். கடகடன்னு எழுதிட்டான். அப்பால இவரு வந்து சீட்டப் பாக்கறாரு, 'திருப்பதி'ன்னு கீது! "முப்பது வருசம் கூட குடுத்தனம் பண்ணி என் பேர மாத்திட்டியேமே"ன்னு ஒரே சிரிப்பு. மொதல் எழுத்து சரியாத்தான வந்துக்கீது? நான் மேல இருக்கிற மலைய சொன்னேன், அவன் அடிவாரத்த எழுதிட்டான். ஒரு மல கொறஞ்சி போச்சி, அவ்ளோதான்.

டாக்டரம்மா பேரு சாராள். சின்னப் பொண்ணு, கும்மிடிப்பூண்டி பக்கம். அவங்க நைனா முன்ன கூலிக்கு நாத்து நட்டவராம், இப்ப இரும்பு கம்பெனியில வேலையாம். நம்ம பக்கத்து பேச்சு அப்படியே. என்ன "பெரிம்மா"ன்னு கூப்புடுது.

ரெண்டு ரப்பர் வாரு. ஒண்ண நெஞ்சுல கட்டிச்சி, ஒண்ண வயித்துல. பொடவைக்கு மேல தான். வாருலருந்து ஒயர் போய் ஒரு பொட்டியில சேருது. மூச்சு வாங்கினா வாரு இழுபடும், இழுபட்டா பொட்டிக்கு தெரிஞ்சிடும். ஒரு முள்ளு காயிதத்துல கோடு போட்டுக்கினே போவுது. பொட்டி மேல ரெண்டு வெளக்கு. நெஞ்சால வாங்கினா செவப்பு, வயித்தால வாங்கினா பச்ச.

"இது வைத்தியம் பண்ணாது பெரிம்மா. உங்க மூச்ச உங்களுக்கு காட்டும். பாத்து நீங்களே திருத்திக்கணும்"னு சொல்லிச்சி.

"கண்ணாடி பாத்து பொட்டு வெக்கிற மாரியா?"

"அதே தான்"னு சந்தோசப்பட்டுது.

அப்பால தான் கூத்து. நான் பேசிக்கினே இருந்தேனா, கோடு கோணலா வந்திச்சாம். "பெரிம்மா, நான் சொல்ற வரிக்கும் மூச்சு வுடாதீங்க"ன்னு சொல்லிச்சி. மூச்சு பாக்கற டாக்டர் மூச்சு வுடாதன்னா நான் இன்னா பண்றது? புடிச்சிக்கினேன். கல்லு மாரி புடிச்சிக்கினேன். கோடு நேரா போவுது. அந்தப் பொண்ணு பொட்டிய தட்டுது, ஒயர புடுங்கி மாட்டுது, "மெஷின் போச்சே"ன்னு அழுவற மாரி ஆயிட்டுது. திரும்பி எம்மூஞ்சப் பாத்தா நான் நாவல் பழம் கணக்கா கீறேன்!

"ஐயோ, பேசாதீங்கன்னு தான சொன்னேன்!"

"நீ மூச்சு வுடாதன்ன, நான் வுடல. சொன்னா சொன்னபடி நடப்பேன் கண்ணு."

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல செவப்பும் பச்சையும் மாத்தி மாத்தி எரிஞ்சிது.

கடைசியா ஒரு பரீட்ச. கண்ண மூடச் சொல்லிட்டு ஒவ்வொரு வார்த்தையா சொல்லிச்சி. "சாம்பாரு." கோடு சாதாரணம். "பெருமாளு." இன்னும் அமைதி. "தோணி."

முள்ளு குதிச்சிது பாரு! வெறும் வார்த்தைக்கு! அப்பால காயிதத்த எங்கையில குடுத்து காட்டிச்சி. நான் நெனச்சிக்கினு இருந்தது மூச்சு பத்தலன்னு. அது சொல்லுது, மூச்சு ஜாஸ்தியாம். நெஞ்சால வேக வேகமா அள்ளி அள்ளிப் போட்டுக்கறேனாம், அதுல தான் வெரலு சுருட்டிக்குதாம்.

ஜாஸ்தியா துன்னா வயிறு கெடற மாரி. இத்தினி நாளா யாரும் சொல்லலியே.

ஜனவரி 27, செவ்வாய்

இன்னிக்கி பாடம் ஆவல. தப்பு எம்மேல தான், ஆனா அது தப்பா?

பச்ச வெளக்கு பளிச்சுனு எரிஞ்சிது. வெளக்க ஏத்துனா நாம இன்னா பண்ணுவோம்? கை தானா கூடிச்சி, கண்ணு தானா மூடிச்சி, "பெருமாளே"ன்னு ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டேன். மூச்சும் நின்னுடுச்சி. வெளக்கு அணஞ்சிடுச்சி. கண்ணத் தொறந்தா இருட்டு. மறுபடி எரிஞ்சிது, மறுபடி கும்புட்டேன். மறுபடி அணஞ்சிது.

"பெரிம்மா, இது சாமி வெளக்கு இல்ல. கண்ணு தொறந்து பாக்கணும்."

"வெளக்குல எது கண்ணு சாமி இல்லாத வெளக்கு?"

அந்தப் பொண்ணு வேதக்காரப் பொண்ணு, கழுத்துல சின்ன சிலுவை. "சரி, சாமி வெளக்குன்னே வெச்சிக்கலாம். ஆனா நீங்க தான் எண்ண ஊத்தணும். ஒவ்வொரு மூச்சும் ஒரு சொட்டு எண்ண. கண்ண மூடிக்கினா எண்ண கீதா இல்லியான்னு எப்படி தெரியும்?"

பாருங்க புத்திய!

ஜனவரி 31, சனி — தை அமாவாசை

கொளத்துல வெல்லம் கரைச்சேன். பெருமாளே, கரையறது கரையட்டும், மிச்சத்த அந்தப் பொண்ணு பாத்துக்கும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பச்ச இப்ப அணையாம எரியுது. "தோணி"ன்னு சொன்னாக்கூட ஒரு தரம் செவப்பு மினுக்கிட்டு பச்சைக்கு வந்துடுது. சாராள் "தோணியில ஏறியாச்சு, கழி ஊனியாச்சு"ன்னு கத மாரி சொல்லிக்கினே வரும், நான் எண்ண ஊத்திக்கினே இருப்பேன். வுடற மூச்சு தான் நீட்டா வுடணும், வாங்கறது தானா வரும்.

ஊட்டுல பொட்டி இல்லியே. பாயில மல்லாந்து படுத்துக்கினு வயித்து மேல குங்குமச் சிமிழ வெச்சிக்கறேன். வயிறு ஏறி எறங்குனா சிமிழும் ஏறி எறங்கும். நெஞ்சால வாங்கிட்டா சாஞ்சி கொட்டிடும். மொத நாளு பொடவையெல்லாம் குங்குமம். இவரு வேலைக்குப் போறப்ப எட்டிப் பாத்துட்டு, "இன்னாமே, உனக்கு நீயே பூச போட்டுக்கறியா?"ங்கறாரு.

லட்சுமியம்மாள் சன்னல் வழியா பாத்துட்டா. அவ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன் எல்லாத்தியும், மெஷின், வாரு, வெளக்கு, ஒண்ணு வுடாம. சொல்லி முடிக்கிறப்போ அவளும் பாயில படுத்துக்கினு இருந்தா, வயித்து மேல என் சிமிழ வெச்சிக்கினு.

பிப்ரவரி 17, செவ்வாய்

நடுவுல வெளக்கு ரெண்டும் பட்டுனு அணஞ்சிது. போச்சி, என் மூச்சு போச்சின்னு நெனச்சேன். நெஞ்சு தூக்க ஆரம்பிச்சிடுச்சி, வெரலு சுருட்டுது.

"பெரிம்மா! கரண்ட்டு போச்சு! மேல ஃபேனப் பாருங்க!"

ஃபேனும் நின்னுக்கினு கீது. என் மூச்சு இல்ல, கரண்ட்டு ஆபீசு மூச்சு.

சிரிச்சிட்டேன். ஆனா ஊட்டுக்கு வரவரிக்கும் ஒரே யோசன. தோணியில ஏது கரண்ட்டு?

பிப்ரவரி 29, ஞாயிறு

தோத்துட்டேன்.

ஒத்திக பாக்கலாம்னு இவரு பழவேற்காட்டுக்கு கூட்டிக்கினு போனாரு. கட்டி வெச்ச தோணி. நகராத தோணி. ஏறி ஒக்காந்தேன், அவ்ளோதான். அடியில தண்ணி சளக்குன்னு ஒரு சத்தம் — அது போதும். எங்க போச்சி பச்ச? எங்க போச்சி எண்ண? வெரலு கோழிக்கால் ஆயிடுச்சி. தோணிக்கார ராஜமாணிக்கம் தூக்கி எறக்குனான். "அம்மாவுக்கு காத்து கருப்பு"ன்னு அவன் சொல்றான்.

நாகமுத்து துறையில நின்னுக்கினு இருந்தான். எல்லம்மா கால்ல வீக்கம் கணுக்கால் தாண்டிடுச்சாம். கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குதுன்னு சொல்றாளாம். மார்ச்சு பத்து நாள் குறிச்சாச்சாம். "வந்துடுவ இல்ல அத்த?"

இன்னா சொல்றது இவன்கிட்ட? பெருமாளே, உனக்கு கண்ணு இல்லியா? நான் இன்னா கேட்டேன், ஒரு ஏரிய தாண்டணும், அவ்ளோதான கேட்டேன்?

மார்ச்சு 2, செவ்வாய்

சாராள் திட்டல. காபி வாங்கிக் குடுத்திச்சி.

"அங்க எதப் பாத்தீங்க?"

"தண்ணிய."

"வெளக்க?"

"அங்க ஏது கண்ணு வெளக்கு?"

"இங்க வெளக்கு இன்னா பண்ணிச்சி? உங்க வயிறு அசையறத உங்களுக்கு காட்டிச்சி. ஊட்டுல குங்குமச் சிமிழு காட்டிச்சி. அத நான் சொல்லித் தரல, நீங்களே கண்டுபுடிச்சீங்க. தோணியிலயும் எதாவது ஒண்ணு காட்டும். படுக்க முடியாது, ஒக்காந்துக்கினே பாக்கற மாரி எதாவது."

எல்லம்மா கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற விஷயத்த சொன்னேன். அதோட மொகம் மாறிடுச்சி. "பெரிம்மா, ரத்த அழுத்தமா இருக்கும். அந்தப் பொண்ணு அங்க பிரசவம் ஆவக் கூடாது. எப்படியாவது இட்டாந்துடுங்க"ன்னு எங்கையப் புடிச்சிக்கினு சொல்லிச்சி.

இத்தினி நாளு எனக்கு வைத்தியம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவளுக்குத் தான் வைத்தியம்.

மார்ச்சு 9, செவ்வாய்

வளையல் வாங்கியாச்சி. பச்சையும் செவப்பும், கண்ணாடி வளையல், நூலுல கோத்து ஒரு கட்டு. ஒண்ணு கூட ஒடையக் கூடாது. ஒடஞ்சா அபசகுனம்னு பச்சையம்மா சம்மந்தி வளையல எண்ண மாட்டாங்க, என் எலும்ப எண்ணிடுவாங்க.

மார்ச்சு 11, வியாழன்

ஊட்டுல ஒக்காந்து எழுதறேன். எல்லம்மா உள்ள தூங்கறா.

நேத்து காத்தால துறையில எல்லாம் தயாரா இருந்திச்சி. வளையல் கட்ட இவரு வாங்க வந்தாரு. நான் குடுக்கல. தாய் ஊட்டு வளையல், எம்மடியில தான் வரணும்னேன். ஏறி நடுவுல ஒக்காந்தேன். கட்ட வயித்தோட சேத்து அணைச்சிக்கினேன். ராஜமாணிக்கம் கழிய ஊனுனான். சளக்.

வந்துடுச்சி. நெஞ்சு தூக்குது. வெரலு சுருட்ட ஆரம்பிக்குது — கையில வளையல். சுருட்டுனா நொறுங்கும். எல்லம்மா வளையல். அய்யோ, நொறுங்கும்.

அப்ப கேட்டுது. கிலுங்.

வயிறு லேசா அசஞ்சிது, அடியில இருந்த வளையல் ஒண்ணோட ஒண்ணு ஒரசிச்சி. அவ்ளோ சின்ன சத்தம். நெஞ்சால வாங்கினேன், சத்தம் இல்ல. வயித்தால வாங்கினேன், கிலுங். நெஞ்சு, ஒண்ணியும் இல்ல. வயிறு, கிலுங்.

இங்க கீது வெளக்கு! இத்தினி நேரம் எம்மடியில தான் கீது!

தண்ணியப் பாக்கல. தோணியப் பாக்கல. காது ரெண்டும் வளையல் மேல. நீட்டா வுட்டேன், கிலுங்னு வாங்கினேன். ஒவ்வொரு கிலுங்கும் ஒரு சொட்டு எண்ண. வெரலு ஒவ்வொண்ணா பிரிஞ்சிக்கினு வந்திச்சி. நடு ஏரி வந்தப்ப தான் தல நிமுந்தேன். தூரமா பூநாரைங்க செவப்பா நின்னுக்கினு இருந்திச்சி. இத்தினி வருசம் வந்துட்டு போயிட்டு இருந்தவ, அதுங்கள நேத்து தான் நல்லா பாத்தேன்.

இவரு பயந்து போய் கேட்டாரு, "இன்னாமே, ஏறுனதுலருந்து ஒரு வார்த்த பேசல? ஒடம்பு எதாவது..."

"மூச்சு வுட்டுக்கினு கீறேன், சும்மா இரு"ன்னேன்.

கரையில பச்சையம்மா சம்மந்தி இடுப்புல கைய வெச்சிக்கினு நின்னாங்க. "வாங்க வாங்க. மீனு தண்ணிக்கு வந்துடுச்சி போலக்கீது"ன்னாங்க.

"வந்துடுச்சி சம்மந்தி. திரும்பறப்ப குஞ்சையும் கூட்டிக்கினு போவப் போவுது"ன்னேன். சுத்தி இருந்த பொம்பளைங்க சிரிச்சதுல அவங்களும் சிரிச்சிட்டாங்க. மனசு கெட்டவங்க இல்ல, வாய் தான்.

வளையல் ஒண்ணு கூட ஒடையல. எல்லம்மா கையில நான் தான் மொதல்ல போட்டேன். கை கூட வீங்கிக் கீது, சோப்பு போட்டு ஏத்த வேண்டியதா போச்சி. எங்கண்ணன் மூஞ்சி அப்படியே அவளுக்கு. அழுவக் கூடாதுன்னு தான் இருந்தேன்.

இன்னிக்கி காத்தால திரும்புனோம். இப்ப மடியில வளையல் இல்ல. எல்லம்மா பக்கத்துல ஒட்டி ஒக்காந்தா, தல என் தோள்ல. அவ கையெல்லாம் வளையல். நான் மூச்சு வாங்குறப்பெல்லாம் அவ கை ஆடி கிலுங் கிலுங். "அத்த, நீ தூங்கறியா?"ன்னு கேக்கறா.

சாயங்காலமே ஆஸ்பத்திரியில காட்டியாச்சி. ரத்த அழுத்தம் தான். உப்பு கொறைக்கச் சொன்னாங்க, படுத்துக்கினே இருக்கச் சொன்னாங்க, வாரம் தவறாம வரச் சொன்னாங்க. "நல்ல வேள இட்டாந்தீங்க"ன்னு நர்சம்மா சொல்லிச்சி.

மார்ச்சு 16, செவ்வாய்

சாராளுக்கு எல்லாத்தியும் சொன்னேன். நான் சொல்றப்ப வாரு கட்டித்தான் இருந்திச்சி. "பெரிம்மா, அங்க பாருங்க"ன்னு காட்டிச்சி. தோணி, தண்ணி, சளக்கு, எல்லாம் சொல்லிக்கினு கீறேன், பச்ச அணையவே இல்ல. இனிமே வர வேணாம்னு சொல்லிடுச்சி. எனக்கு அழுவாச்சியா வந்துது. மிச்சம் இருந்த வளையல்ல நாலு அது கையில போட்டு வுட்டேன். "எங்கம்மா கேட்டா இன்னா சொல்றது?"ன்னு சிரிச்சிது. "கரண்ட்டு கேக்காத மெஷின்னு சொல்லு"ன்னேன்.

சீட்டுல இன்னும் திருப்பதின்னு தான் கீது. இவரு திருத்தச் சொல்லல.

மே 20, வியாழன்

பொண்ணு பொறந்துக்கீது. ஆயுதம் போட்டு எடுத்தாங்க, கொஞ்சம் பேஜாரு தான், ஆனா தாயும் புள்ளையும் சொகம். எல்லம்மாளுக்கு வலி வர்றப்பெல்லாம் அவ வளையல் கைய என் கையில வெச்சிக்கினேன். நீட்டா வுடு கண்ணு, வாங்கறது தானா வரும்.

ஜூன் 1, செவ்வாய்

பச்சையம்மா சம்மந்தி தோணி ஏறி, பஸ் ஏறி பேத்தியப் பாக்க வந்துக்கீறாங்க. பஸ்ல அவங்களுக்கு ஒரே மயக்கமாம், வாந்தியாம், ரோட்டப் பாத்தாலே நெஞ்சு அடைக்குதாம். குங்குமச் சிமிழ எடுத்து கையில குடுத்தேன்.

எதிர்ல கொழந்த பாயில மல்லாந்து தூங்குது. இத்துணூண்டு வயிறு. ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது. நெஞ்சு அசையக்கூட இல்ல. யாரும் அதுக்கு வாரு கட்டல, யாரும் சொல்லித் தரல.

சாராளக் கூட்டியாந்து இதக் காட்டணும்.